வலது மேல் மூலை

துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டினேன். கப்பலிலிருந்து கண்டெய்னர்களைத் தூக்கிக் கரையில் இறக்குகிற பெரிய கிரேன். அதன் கேபின் பத்து மாடி உயரத்தில் தொங்கும், தரை கண்ணாடி. முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடியே ஒரு ஷிப்ட் முழுக்கப் போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்தது எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் தொடங்கியது. அதை மட்டும் சொன்னால் வேலைவெட்டி இல்லாத ஒருவனுடைய கதைபோல இருக்கும்.

விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் மனைவி. அவள் முத்தையாபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கான வேலைகள் தொடங்கிய பிறகு வகுப்பில் பிள்ளைகள் ராக்கெட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். நேராக மேலே போகவேண்டியது ஏன் சாய்ந்து போகிறது என்று ஒரு பெண் கேட்டாளாம். கரும்பலகையில் வரைந்து காட்டியும் அவளுக்குத் திருப்தி இல்லை. கூட வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், ராக்கெட் கட்டிப் பறக்கவிடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று சொல்ல, இவள் அதை வாங்கி லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். வகுப்பில் மூன்று தடவை ஏவினாள். மூன்றும் ஏவுதளத்திலேயே சாய்ந்து வெடித்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். அத்தோடு மணி அடித்துவிட்டது. அவளுக்கும் அது போதும் என்று ஆகிவிட்டது.

எனக்கு வார விடுமுறை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு கிழமையில் வரும். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அந்த லேப்டாப்பைத் திறந்தேன். சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

விளையாட்டு சுலபமாகப் புரிவது அல்ல. எரிபொருள் டாங்கி, எஞ்சின், இறக்கை, பாராசூட், உச்சியில் ஆள் உட்காரும் கூண்டு என்று பாகம் பாகமாக ராக்கெட்டை நாமே கட்டவேண்டும். விளையாட்டுக்குள் சில கற்பனைக் கம்பெனிகள் உண்டு. தாங்கள் செய்த பாகங்களை வானத்தில் சோதித்துத் தரச்சொல்லி அவை வேலை கொடுக்கும். பெரிய பெரிய பயணங்களைவிட எனக்கு இந்தச் சோதனைப் பயணங்கள்தான் பிடித்துப்போயின. நிலாவுக்குப் போவதில் எனக்கு ஆர்வமே வரவில்லை.

ஒரு சோதனை இப்படி இருக்கும்: இந்தப் பாராசூட்டைப் பறக்கும்போது விரித்துக் காட்டவேண்டும். உயரம் ஒன்பதாயிரம் மீட்டருக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில். வேகம் வினாடிக்கு நூற்றைம்பது மீட்டரிலிருந்து இருநூற்றைம்பதுக்குள். நிபந்தனைகள் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பெட்டியில் வரிவரியாக நிற்கும். ஒன்று நிறைவேறினால் அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக் விழும். வேகம் கூடிவிட்டாலோ உயரம் தாண்டிவிட்டாலோ டிக் போய்விடும். எல்லா வரியிலும் டிக் இருக்கிற சில வினாடிக்குள் ஸ்பேஸ் பட்டனைத் தட்டவேண்டும். முந்தித் தட்டினால் பாராசூட் வீண். பிந்தினாலும் வீண்.

முதல் நாள் ராக்கெட் ஒன்பதாயிரத்தைத் தாண்டும்போது வேகம் நானூறுக்கு மேல் இருந்தது. எரிபொருளைக் குறைத்தேன், ஆறாயிரத்திலேயே நின்று கீழே வந்தது. எஞ்சினின் தள்ளுவிசையைப் பாதியாக்கினேன், சாய்ந்து கடலில் விழுந்தது. எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ ஒன்று பிடிபட்டது. ஒன்பதாயிரம் வரை எஞ்சினை எரித்துக்கொண்டு போகக் கூடாது. கீழேயே அணைத்துவிட்டு, எறிந்த கல் மாதிரி தானாக ஏறி, பன்னிரண்டாயிரத்தில் போய் நிற்கும்படி விட்டால், ஒன்பதாயிரத்தைக் கடக்கும்போது வேகம் தளர்ந்திருக்கும். நிபந்தனை எல்லாம் பொருந்தி நாலைந்து வினாடி கிடைக்கும். ஏறும்போது தவறினால் இறங்கும்போது இன்னொரு தடவை. அன்றைக்கு ஏறும்போதே தட்டிவிட்டேன். பாராசூட் விரிந்து, கூண்டு மெல்ல ஆடிக்கொண்டு இறங்கியது.

"ஸ்கூல்ல வெடிச்சதுதான் எனக்குத் தெரியும். இறங்கவும் செய்யுமா இது?" என்றாள் மனைவி.

அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் விடுமுறை நாட்கள் அப்படியே போயின. எஞ்சின் சோதனை, காலியான டாங்கியைக் கழற்றிவிடும் பிரிப்பானின் சோதனை, கடலில் மிதந்தபடி செய்யவேண்டிய சோதனை. எதையும் நான் பெரிதாகத் தவறவிட்டதில்லை. வேலையில் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது பெரிய மானிட்டர் ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மேசையில் வைத்தால் இந்த முனையையும் அந்த முனையையும் தொட இரண்டு கையையும் விரிக்கவேண்டும், அவ்வளவு பெரியது. எழுத்தெல்லாம் பெரிதாக இருக்கும், இனி சுலபம் என்று நினைத்தேன்.

அந்த மானிட்டர் வந்த பிறகு நான் தவறவிட ஆரம்பித்தேன். உயரம் திரையின் மேலே நடுவில் ஓடும். வேகம் கீழே நடுவில். இரண்டு எண்ணையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது, அதனால் மூலையில் இருக்கும் டிக்கைத்தான் நம்பவேண்டும். பச்சை விழுந்தால் ஓரக்கண்ணுக்கே தெரிந்துவிடும் என்றுதான் விளையாடிவந்தேன். லேப்டாப்பில் தெரிந்தது. இதில் ஏனோ தெரியவில்லை. மூலையைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் டிக் இல்லை. புது மானிட்டருக்கு ஏற்றபடி விளையாட்டைச் சரிசெய்யவில்லை போலிருக்கிறது என்று செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன்.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பாள். ஒருநாள் சிவப்புப் பேனாவோடு நிமிர்ந்து பார்த்தவள், "டிக் வந்துட்டு, ஏன் அமுக்கல?" என்றாள்.

"எங்க?"

"இப்பதான் போச்சு."

அடுத்த தடவை அவளே கூப்பிட்டாள். "உயரம் வந்துட்டு. வேகம் இன்னும் வரல. இந்தா, வந்துட்டு, அமுக்குங்க!" அமுக்கினேன். சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு அதுவே பழக்கமாயிற்று. நான் ஓட்டுவேன், அவள் மூலையைப் பார்த்துச் சொல்வாள். கிரேனில் எனக்கு அப்படித்தான் வேலை. கப்பல் தளத்தில் ஒரு ஆள் வாக்கி டாக்கியில் இறக்கு, நிறுத்து, இன்னும் ஒரு அடி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் இதில் எனக்கு வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தை அவ்வளவு சந்தோஷமாகச் செய்தது இல்லை. அவள் ஏரல் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், சத்தமாகப் பேசமாட்டாள். அந்த நாட்களில் அவள் "அமுக்குங்க!" என்று கத்துவது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து போன் பண்ணினார், வாழைத்தார் ஏற்றுகிற விஷயமாக ஏதோ நீண்ட பேச்சு. அவள் என் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூன்று தடவை ராக்கெட்டை ஏற்றினேன். மூன்றும் தவறின. அவள் போனை வைத்தாள்.

"மூணு தடவ ஏத்துனீய," என்றாள். "ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு. ஆறு தடவ எல்லாமே பச்சையா வந்துச்சு. வேணும்னுதான் அமுக்கலியா?"

"நான் பாக்கும்போது வரலியே."

"வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நாலு எண்ணுத நேரம் நின்னுச்சு."

அவள் நாற்காலியை எனக்கு எதிரே திருப்பிப் போட்டாள். "என் மூக்கையே பாருங்க. வேற எங்கயும் பாக்கக் கூடாது," என்றாள். சிவப்புப் பேனாவின் மூடியை எடுத்து என் இடது பக்கம் காதுக்குப் பின்னாலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். தெரிந்ததும் சொன்னேன். வலது பக்கம் கொண்டுவந்தாள். நான் காத்திருந்தேன்.

"இன்னுமா தெரியல?"

"இன்னும் கொண்டுவரலியே நீ."

"கொண்டுவந்து புருவத்துக்கு நேரா வச்சிருக்கேன்," என்றாள்.

நான் கண்ணைத் திருப்பினேன். மூடி அங்கே இருந்தது, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில். அந்த இடத்தில் அதுவரை எனக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுச் சுவரும் அதில் மாட்டியிருந்த காலண்டரும்தான். கறுப்பாகவோ மங்கலாகவோ எதுவும் இருக்கவில்லை. சுவர் சுவராகவே இருந்தது. இதை மற்றவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். தெரியாத இடம் என்று ஒன்று தெரிந்தால்தானே அது தெரியவில்லை என்று சொல்ல முடியும்?

எனக்குக் கோபம் வந்தது. "ஏளா, போன மாசம்தான் மெடிக்கல் பாத்தாங்க. போர்டுல கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். கண்ணாடியே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"வாசிச்சது நடுவுல உள்ளத. நான் கேக்கது ஓரத்த."

"நீ என்ன கண்ணு டாக்டரா?"

அவள் பேனாவை மூடிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் மறுபடியும் ராக்கெட்டை ஏற்றினேன். இந்தத் தடவை மூலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்து, டிக் விழுந்ததும் தட்டினேன். சோதனை நிறைவேறியது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். வந்து பார்த்துவிட்டு அடுப்படிக்கே திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் வேலைக்குப் போனேன். இந்தப் பதினோரு நாளைப் பற்றி மனைவியைத் தவிர யாரிடமும் பேசியதில்லை. இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள் கேபினில் உட்கார்ந்து, அவள் செய்த மாதிரி நானே செய்து பார்த்தேன். கீழே கப்பல் தளத்தின் நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, கண்ணை அசைக்காமல், வலது பக்கம் என்ன இருக்கிறது என்று கவனித்தேன். கண்டெய்னர்களின் மேற்பரப்பு, சிவப்பும் நீலமும் துருவுமாக. பிறகு திரும்பிப் பார்த்தேன். அந்தச் சிவப்புக் கண்டெய்னர் மேல் இரண்டு பேர் நின்றுகொண்டு, கண்டெய்னர்களைப் பிணைத்திருக்கும் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டை போட்டவர்கள். மைல் தூரத்திலிருந்து தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த நிறத்தில் சட்டை கொடுப்பது.

அப்போது எனக்கு இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு சம்பவம் ஞாபகம் வந்தது. கண்டெய்னரை இறக்கிக்கொண்டிருக்கும்போது வாக்கி டாக்கியில் "நிறுத்து, நிறுத்து!" என்று அலறல் கேட்டது. நிறுத்தினேன். கம்பி அவிழ்க்கும் ஆள் ஒருவர் வலது பக்கத்தில் நின்றிருந்தார். கண்டெய்னரின் மூலைக்கும் அவருக்கும் ஒரு கை அகலம்தான் இடைவெளி. "ஆள் நிக்கிறது தெரியலியா அண்ணாச்சி?" என்று தளத்திலிருந்தவர் கத்தினார். அவர்தான் திடீரென்று உள்ளே புகுந்தார் என்று நான் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். எனக்குப் பத்தொன்பது வருட அனுபவம், அவர் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். அவரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டார்.

அவர் புகவில்லை, முதலிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தார் என்பது அந்த முதல் நாள் கேபினில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பத்து நாள் போனேன். தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பார்த்து வேலை செய்தேன். வேகம் குறைந்தது. ஒரு மணி நேரத்தில் இறக்குகிற எண்ணிக்கை குறைந்தால் கேட்பார்கள், கேட்டார்கள். கழுத்து பிடித்திருக்கிறது என்றேன். ஏன் போனேன் என்றால், கிரேன் ஓட்டுகிறவன் என்பதைத் தவிர நான் வேறு யார் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் காரணம் ஒன்றும் இல்லை.

வீட்டில் மனைவி என்னோடு சண்டை போடவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து டிக் பார்த்துச் சொல்வதை நிறுத்திவிட்டாள். விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். பத்தாவது நாள் சாயங்காலம் நான் ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு எப்ப போறோம்?"

"அடுத்த வாரம் பாப்போம். இப்ப ரெண்டு கப்பல் சேந்து நிக்கி."

"நான் உங்களுக்காக மட்டும் கேக்கல," என்றாள். "கீழ நிக்கிறவன் வீட்லயும் ஒருத்தி இருப்பாள்லா."

நான் அவளிடம் அந்தக் கம்பி அவிழ்க்கும் ஆளைப் பற்றிச் சொன்னதே இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்துக்கு மறுநாள் லீவு எழுதினாள். அப்படியும் நான் அடுத்த நாள் பகல் ஷிப்ட் போய்விட்டு வந்தேன். அதுதான் பதினோராவது நாள். அதற்கடுத்த நாள் காலை திருநெல்வேலி பஸ் ஏறினோம். ஒரு நாள் பிந்தியதால் அவள் லீவை மாற்றி எழுதவேண்டியிருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் முதலில் போர்டை வாசிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரை வாசித்தேன், வாசித்துவிட்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்த்தார்கள். பார்த்த பெண் இன்னொரு தடவை ஊதினாள். ஒரு தாளில் எழுதிக்கொடுத்து, இருட்டறை ஒன்றில் இருந்த இயந்திரத்துக்கு அனுப்பினாள்.

அந்த இயந்திரம் வெள்ளையாக ஒரு பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. அதற்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னும். மின்னியதும் கையில் கொடுத்திருக்கும் பட்டனை அமுக்கவேண்டும். அவ்வளவுதான். எனக்கு இது புதிது இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தொடக்கத்தில் வெளிச்சங்கள் அடுத்தடுத்து வந்தன. பிறகு நீண்ட இடைவெளி. ஒன்றும் மின்னவில்லை, ஆனால் இயந்திரம் உள்ளுக்குள் டக் டக் என்று இயங்குகிற சத்தம் கேட்டது. இப்போது ஒன்று வந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அமுக்கினேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒன்று வந்திருக்கும் என்று அமுக்கினேன். கணக்காக, ஒரு தாளத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணாச்சி, லைட்டு வராதப்பவும் அமுக்குதீய."

"வந்துச்சும்மா."

"இல்ல அண்ணாச்சி. மிஷின் சும்மா சத்தம் மட்டும் குடுத்துப் பாக்கும். அப்ப அமுக்குனா கணக்கு காட்டிக் குடுத்துரும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. இதைத் தினமும் நாலு பேரிடம் சொல்வாள்போல. "தெரிஞ்சா அமுக்குங்க. தெரியலன்னா சும்மா இருங்க. சும்மா இருந்தாத்தான் உங்க கண்ணு எப்படி இருக்குன்னு தெரியும்."

இரண்டாவது தடவை சும்மா இருந்தேன். சும்மா இருப்பது கஷ்டமாக இருந்தது. வலது பக்கம் மேலே ஒரு பெரிய பகுதி முழுக்க அமைதியாகவே இருந்தது.

டாக்டர் அச்சிட்ட தாளைக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். தெரிகிற இடம் வெள்ளை, தெரியாத இடம் கறுப்பு. வலது கண்ணின் வட்டத்தில் மேல்பாதியில் பெரும்பகுதி கறுப்பு. இடது கண்ணிலும் மூக்குப் பக்கம் மேலே அரிவாள் வடிவத்தில் கறுப்பு தொடங்கியிருந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற நோய் என்றார். வலி இருக்காது. வருஷக்கணக்கில் நடந்திருக்கும்.

"போன பார்வை போனதுதான்," என்றார். "இருக்கறத காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு நாளும் விடாம போடணும். என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "இனி அந்த வேலை செய்யக் கூடாது. நாளைலருந்து இல்ல, இன்னைலருந்து," என்றார். பிறகு, "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இந்த அளவுல யாரும் தானா வர்றதில்ல. எங்கயாவது இடிச்சுக்கிட்டு விழுந்த பிறகுதான் வருவாங்க," என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல ராக்கெட் விடுவாங்க சார்," என்றாள் மனைவி. டாக்டர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் எழுத ஆரம்பித்தார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா ஞாபகம் வந்தது. கடைசி நாலைந்து வருடம் அப்பா வாசல்நிலையில் தோளை இடித்துக்கொள்வார், தரையில் வைத்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிடுவார். நானும் தம்பியும் சிரித்திருக்கிறோம். அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, இருந்தும் குடித்துவிட்டு வந்த மாதிரி நடக்கிறார் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். யாரும் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. பேப்பரைத்தான் கண்ணாடி இல்லாமல் வாசித்தாரே.

மறுநாள் காலை தாளை எடுத்துக்கொண்டு ஷிப்ட் மேலாளர் அறைக்குப் போனேன். அவர் என்னைவிட வயதில் சின்னவர். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன மாதம் மெடிக்கல் சரியாக இருந்ததே என்றார். அந்தப் பரிசோதனையில் இது தெரியாது என்று சொன்னேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். பதினோரு நாளாக என்று சொல்லியிருக்கலாம். நேற்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னேன், அது பொய் இல்லை. கேபினிலிருந்த என் தண்ணீர் பாட்டிலையும் துண்டையும் வேறொருவர் எடுத்துவந்து கொடுத்தார். கிரேன் மேல் ஏற என்னை விடவில்லை, அதுதான் முறை.

கம்பி அவிழ்க்கும் அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்தேன். நிழலில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். அன்றைக்கு நீ புகவில்லை, எனக்குத்தான் கண் தெரியவில்லை என்றேன். "எனக்கு அப்பவே தெரியும் அண்ணாச்சி," என்றார். பிறகு, "சாப்பிடுதீயளா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து என்னைக் கட்டுப்பாட்டு அறையில் போட்டார்கள். எந்தக் கண்டெய்னர் யார்டில் எந்த வரிசையில் போகவேண்டும் என்று திரையைப் பார்த்துச் சொல்கிற வேலை. நாலைந்து திரைகள் இருக்கும், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பார்வையை மூலைக்கு மூலை ஓட்டுவது இப்போது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் வழியாகக் கிரேன்கள் தெரியும். என்னுடையதை இப்போது விளாத்திகுளம் பக்கத்து ஆள் ஒருவர் ஓட்டுகிறார். கொஞ்சம் வேகமாகவே ஓட்டுகிறார். பெரிய மானிட்டரை விற்காமல் வைத்திருக்கிறேன். விடுமுறையில் சோதனைப் பயணங்களை இன்னும் செய்கிறேன். நிறையத் தவறவிடுகிறேன். மனைவி சில நாள் பக்கத்தில் உட்காருவாள், சில நாள் அவளுக்கு வேலை இருக்கும்.

மகளை விடுமுறையில் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதித்தோம். அவளுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருடம் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்றார்கள். மிச்சம் இருந்தது என் தம்பி. அவன் மினி பஸ் ஓட்டுகிறான். மூன்று தடவை போனில் சொன்னேன்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது," என்றான். "போன வருஷம்கூட லைசென்சுக்குப் போர்டு வாசிச்சேன்லா."

நான்காவது தடவை போன் பண்ணவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவனுடைய பஸ்ஸில், எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு நடை போய் வந்தேன். ஆடு குறுக்கே வந்தபோது பிரேக் போட்டான். சைக்கிளுக்கு ஒதுங்கிக்கொடுத்தான். நன்றாகத்தான் ஓட்டினான். மூன்றாவது நடைக்கு முன்னால் டீக்கடையில் நின்றபோது, "இப்படியே தெனமும் வந்து ஒக்காரப் போறியா?" என்றான்.

"ஆமா."

"திங்கக்கிழம வாரேன்," என்றான்.

ஒரு கண்ணில் தொடக்க நிலையில் இருந்தது. பஸ் ஓட்டலாம், சொட்டு மருந்து போடவேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னோடு உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டான். நோயை நான் கொடுத்த மாதிரி இரண்டு வாரம் பேசவில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன வியாழக்கிழமை மதியம், நான் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும்போது அவனே கூப்பிட்டான். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"ஏண்ணே, இந்தச் சொட்டு மருந்த ஃப்ரிட்ஜுலதான் வைக்கணுமா? பஸ்ஸுல எங்கன வைக்கது?"

திறக்காத பாட்டிலைத்தான் ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும், திறந்தது வெயில் படாமல் இருந்தால் போதும் என்று சொன்னேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வதாகச் சொன்னான். போட்டதும் கொஞ்சம் எரிகிறது என்றான். எனக்கும் எரியும், ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிரு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.